பூஜைக்குப் பூக்கும் செடியும் குழாய்நீரின் குணமும்

வீட்டில் பூத்த மலரைத் தம் கையால் பறித்து இல்லத்துத் தெய்வத்துக்குச் சாத்துவதில் உண்டாகும் மனநிறைவு, கடையில் வாங்கிய பூவில் கிடைப்பதில்லை. முதுமையினால் நாள்தோறும் கோயிலுக்குச் சென்றுவர இயலாதவர்களுக்கு வாசலிலும் மாடியிலும் இருக்கும் நான்கைந்து தொட்டிகளே நந்தவனம். அவற்றுக்கு நீர் வார்ப்பதே நித்திய கைங்கரியம். முகூர்த்த நாள்களில் மல்லிகை விலை ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுச் செலவு செய்வோருக்கு, வீட்டுச் செடி தரும் இருபது பூக்களின் அருமை நன்கு விளங்கும்.

இத்தகைய இல்லங்கள் பலவற்றில் ஒரே குறை கேட்கிறது. நர்சரியிலிருந்து வாங்கி வந்தபோது கரும்பச்சை இலைகளோடும் மொட்டுகளோடும் இருந்த செடி, ஓராண்டுக்குள் வெளிறிப் போகிறது. புதிதாகத் துளிர்க்கும் இலைகளே மஞ்சளாக வருகின்றன. மொட்டுகள் குறைகின்றன, வந்தவையும் சிறுத்துவிடுகின்றன. செடி பசித்திருக்கிறது என்று எண்ணி உரம் இடுகிறார்கள். அதனாலும் பயன் இல்லை என்றதும் மேலும் ஒரு பிடி இடுகிறார்கள். இலை நுனிகள் கருகுகின்றன, செடி பட்டுப்போகிறது. நமக்குக் கை ராசியில்லை என்று மனம் நொந்து, தொட்டியை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

கை ராசிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பெரும்பாலான வீடுகளில் குறை உரத்தில் இல்லை. நாள்தோறும் ஊற்றும் நீரில் இருக்கிறது. நீரின் குணத்தை அறியாமல் இடும் உரம் வீண்செலவு என்பதோடு, சில வேளைகளில் செடிக்கு நஞ்சாகவும் ஆகிவிடுகிறது.

மலருக்கு முன் நீர்

மலர்த் தொண்டில் நீருக்கு உள்ள இடத்தை உணர்த்தும் வரலாறு திருமலையில் உண்டு. இராமானுஜரின் விருப்பத்தைத் தலைமேற்கொண்டு திருமலைக்குச் சென்ற அனந்தாழ்வான், திருவேங்கடமுடையானுக்கு மலர் கொடுக்க நந்தவனம் அமைத்தார். அதற்கு நீர் வேண்டி ஓர் ஏரியும் வெட்டினார். கருவுற்றிருந்த மனைவி மண் சுமக்க, அவர் கடப்பாரையால் தோண்டியதும், உதவ வந்த சிறுவன்மீது அக்கடப்பாரை பட்டதும், அச்சிறுவன் பெருமாளே எனப் பின்னர் அவர் உணர்ந்ததும் அன்பர்கள் அறிந்தவையே. பெருமாளின் முகவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தும் வழக்கத்துக்கு அந்நிகழ்வே காரணமாகச் சொல்லப்படுகிறது. அக்கடப்பாரை இன்றும் திருமலைக் கோயில் வாயிலில் வைக்கப்பட்டுள்ளது.

அந்தக் கடப்பாரை எடுக்கப்பட்டது செடிகளின் நீருக்காக என்பதை இங்கே நினைவிற்கொள்வது தகும். மலையில் பெய்யும் மழையைத் தேக்கும் ஏரியின் நீருக்கும், நூற்றுக்கணக்கான அடி ஆழத்துப் பாறையிலிருந்து மோட்டார் இறைத்துத் தரும் நீருக்கும் பெரும் வேறுபாடு உண்டு. பழைய நந்தவனங்கள் பெரும்பாலும் குளத்து நீராலும் ஆழமில்லாத கிணற்று நீராலும் வளர்ந்தவை. இன்றைய மாடித் தொட்டியோ ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பி நிற்கிறது.

கடினத்தன்மை என்பது யாது?

மழைநீர் வானிலிருந்து இறங்கும்போது அதில் உப்புகள் மிகக் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அது சற்றே அமிலத்தன்மை உடையதாகவும் இருக்கும். அந்நீர் மண்ணிலும் பாறையிடுக்குகளிலும் ஊறிச் செல்கையில், வழியிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. இவ்விரண்டும் மிகுந்த நீரே கடின நீர். சுக்கான் பாறைகள் நிறைந்த நிலங்களில் கடினத்தன்மை கூடுதலாக இருக்கும். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் அரியலூர்ப் பகுதி அத்தகையது. மலைக் காட்டில் பெய்த மழை அணையில் தேங்கி வருவதனால்தான் கோவைக்கு வரும் சிறுவாணி நீர் மென்மைக்குப் பெயர் பெற்றது. அதே கோவையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்க மறுக்கும் வீடுகளும் உண்டு.

கடினத்தன்மையை ஒரு லிட்டர் நீரில் இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் எனக் குறிப்பது வழக்கம். 60க்குள் இருப்பின் மென்னீர். 120க்கு மேல் கடின நீர். 180க்கு மேல் மிகு கடின நீர். குடிநீருக்கு 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. இவ்வரையறை மனிதர் குடிப்பதற்கானது. தொட்டிச் செடிக்கானது அன்று.

வீட்டிலேயே இதனை ஓரளவு கண்டறியலாம். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெண்படிவு சேர்கிறதா, குழாய் முனையிலும் தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளைப் பூச்சுப் படர்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்படிவின்மீது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கும். அது கார்பனேட் என்பதற்கு அடையாளம். கடைகளில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர் நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்த அளவையே காட்டும்; கடினத்தன்மையைத் தனித்துக் காட்டாது. அதற்குச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறமாற்றம் பார்க்கும் சிறு பரிசோதனைப் பெட்டிகள் உள்ளன. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும், வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும் நீரைச் சோதித்துத் தருகிறார்கள்.

பெட்டகத்தில் பூட்டிய செல்வம்

கால்சியமும் மக்னீசியமும் செடிக்குப் பகையல்ல. இரண்டும் செடிக்கு இன்றியமையாத சத்துகளே. கால்சியம் புதிய வேர்களுக்கும் துளிர்களுக்கும் உறுதி தருகிறது. இலையின் பச்சையத்துக்கு நடுநாயகமாக இருப்பது மக்னீசியம். அவ்வாறாயின் கடின நீரால் செடிக்குக் கேடு எங்ஙனம் வருகிறது?

கேட்டைச் செய்வது அவற்றோடு கூடி வரும் பைகார்பனேட். அடுப்பில் பொங்கும் நீரில் வெண்படிவை உண்டாக்குவதும் இதுவே. நாள்தோறும் பைகார்பனேட் மிகுந்த நீரை ஊற்ற ஊற்ற, தொட்டி மண் சிறுகச் சிறுகக் காரத்தன்மை அடைகிறது. மண்ணின் பி.ஹெச். அளவு 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மல்லிகைக்கு ஆறரை முதல் ஏழரை வரை உகந்தது. கடின நீரால் அது எட்டைத் தொடும்போது இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம் ஆகிய நுண்சத்துகள் வேருக்குக் கிட்டாத வடிவத்துக்கு மாறிவிடுகின்றன. பி.ஹெச். அளவு ஒரு படி ஏறினால், மண்ணிலுள்ள இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது வேதியியல் கூறும் கணக்கு. கால்சியத்தோடு சேர்ந்து பாஸ்பரஸ் சத்தும் கரையாத உப்பாகப் படிந்துவிடுகிறது.

இதில் வியப்பு ஒன்று உண்டு. தொட்டியில் நிரப்பிய செம்மண்ணின் செந்நிறமே இரும்பினால் வந்ததுதான். தொட்டி முழுவதும் இரும்பு இருக்க, அதில் நிற்கும் செடி இரும்பின்றி வாடுகிறது. பெட்டகம் நிறையப் பொன் இருந்தும் சாவியைத் தொலைத்தவரின் நிலை அது. அவருக்குத் தேவை சாவியே அன்றி, மேலும் பொன் அன்று. துருப்பிடித்த ஆணிகளைத் தொட்டியில் புதைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. துருவும் அதே கரையாத இரும்பே ஆதலால், கார மண்ணில் அதனால் பயன் விளைவதில்லை.

கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோரை நீர் விளாவி ஊற்றிய நம் பாட்டிமாரின் பழக்கத்தில் ஒரு நுட்பம் இருந்தது. மோரின் புளிப்பு, வேரைச் சுற்றியுள்ள காரத்தைச் சிறிதளவேனும் தணித்துப் பூட்டைச் சற்றே நெகிழ்த்தும். ஆயினும் நாள்தோறும் வாளி வாளியாக வரும் காரத்துக்கு வாரம் ஒரு குவளை மோர் முழுமையான ஈடு ஆகாது.

இலை சொல்லும் செய்தி

செடி பேசுவதில்லை, ஆனால் எந்த இலை, எவ்விதம் மஞ்சளாகிறது என்பதைக் கொண்டு அதன் குறையை ஓரளவு உணரலாம்.

கிளை நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியுமாயின் அது இரும்புக் குறை. கடின நீர் ஊற்றும் வீடுகளில் மல்லிகை, ரோஜா, செம்பருத்தி ஆகியவற்றில் பெரிதும் காணப்படுவது இதுவே. முருகனுக்கு உகந்த வெட்சியில் இது இன்னும் விரைவில் தோன்றும். இட்லிப்பூ, விருட்சி என்றும் வழங்கும் அச்செடி இயல்பிலேயே அமில மண்ணை விரும்புவது.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாவது மக்னீசியக் குறை. முதிர்ந்த இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறுவது தழைச்சத்துக் குறை. இலையின் ஓரமும் நுனியும் தீய்ந்து கருகுவது பெரும்பாலும் உப்பு மிகுந்ததன் அடையாளம். அந்நிலையில் உரம் இடவே கூடாது. தொட்டியில் நீர் வடியாமல் தேங்கினாலும் வேர் மூச்சு முட்டி இலைகள் மஞ்சளாகும். எனவே முதலில் தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இரும்புக் குறை உறுதியாயின், மண்ணில் இடுவதைவிட இலையில் தெளிப்பது நன்று. நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என வழங்கும் இரும்பு சல்பேட்டை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து மல்லிகைக்குத் தெளிப்பது வேளாண் துறையினர் கூறும் முறை. மழைநீர் போன்ற மென்னீரில் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கரைசல் விரைவில் துருநிறம் அடையாது. முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்துப் பார்த்து, இலை கருகவில்லை என்று கண்டபின் மற்றவற்றுக்குத் தெளிக்கலாம். மாலை வெயில் தணிந்தபின், பூவிலும் மொட்டிலும் படாமல் தெளித்து, புதுத் துளிர் பச்சையாக வரும் வரை மாதம் ஒருமுறை தொடரலாம். தரையிலும் வேட்டியிலும் பட்டால் கறை நீங்காது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். உரக்கடைகளில் இரும்புக் கீலேட் என ஒன்று விற்கப்படுகிறது. அதில் இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நீடிக்காது, இ.டி.டி.ஹெச்.ஏ. என்று குறித்திருக்கும் வகையே நீடிக்கும்.

உரத்தில் அளவு

பூச்செடிக்குத் தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும். மல்லிகைச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழுவுரம், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து என்பது தமிழ்நாட்டில் தோட்டப் பயிருக்குச் சொல்லப்படும் அளவு. தழைச்சத்து மற்ற இரண்டிலும் பாதியே என்பது கவனிக்கத்தக்கது. இதனை ஒரே தவணையில் இடுவதில்லை. நவம்பர் இறுதியில் கிளைகளைக் கவாத்து செய்தபின் ஒரு பகுதியும், ஜூன், ஜூலையில் மறுபகுதியும் இடுவார்கள். இது நிலத்தில் வேரோடிய செடிக்கான கணக்கு. தொட்டியின் சிறிய மண்ணுக்கு இதில் சிறு பகுதியே போதும். மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், லிட்டருக்கு 30 மில்லி வீதம் வடிகட்டிக் கலந்த பஞ்சகவ்யத் தெளிப்பும் தொட்டி மல்லிகைக்குப் பெரும்பாலும் போதுமானவை.

நல்லெண்ணத்தோடு நாம் தொட்டியில் சேர்க்கும் சில பொருள்கள் கடின நீரின் கேட்டை வளர்த்துவிடுகின்றன. ஹோமச் சாம்பலையும் விறகுச் சாம்பலையும் புனிதம் கருதியோ உரம் என்றோ துளசி மாடத்திலும் பூந்தொட்டியிலும் போடுவது உண்டு. சாம்பலில் பொட்டாசியம் உண்டெனினும் அது கடுங்காரம் உடையது. மென்னீர் ஊற்றும் தோட்டத்தில் சிட்டிகை அளவு சேர்த்தால் நன்மையே. கடின நீர் ஊற்றும் தொட்டியில் அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். சுண்ணாம்பு, கல்மாவினால் ஆன கோலப்பொடி ஆகியவையும் அவ்வாறே. ஹோமச் சாம்பலைப் பரந்த நிலத்தில் மரத்தடியில் தூவிவிடுவது தக்கது. அபிஷேகப் பாலையும் பஞ்சாமிர்தம் கழுவிய நீரையும் சிறு தொட்டியில் ஊற்றினால் எறும்பு சேர்ந்து வேர் புளித்துக் கெடும். அவற்றையும் நிறைய நீர் கலந்து பெரிய மரத்தின் அடியில் சேர்ப்பதே முறை.

தொட்டியின் வரவு செலவு

கடினத்தன்மை 400 மில்லிகிராம் உள்ள நீரை ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஊற்றுவதாகக் கொள்வோம். ஓராண்டில் அத்தொட்டிக்குள் செல்லும் சுண்ணாம்பு உப்பு 146 கிராம். நீர் வெயிலில் ஆவியாகிவிடும்; உப்பு ஆவியாகாது. செடி எடுத்துக்கொள்வதும் சிறு பங்கே. வரவு மட்டும் நிகழ்ந்து செலவே இல்லாத கணக்காக அது வளர்ந்துகொண்டே போகிறது. இதில் உர உப்பும் சேர்ந்தால் ஐந்தொகை என்னவாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

உப்பை வெளியேற்றும் வழி ஒன்றுதான். தரை ஈரமாகுமே என்று அஞ்சி நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிக்காமல், மண் காய்ந்த பின்னர், ஊற்றிய நீரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு அடித்துளை வழியே வெளியேறும்படி நிறைய ஊற்றவேண்டும். வெளியேறிய நீரைத் தட்டிலேயே தேங்கவிட்டால் உப்பு மீண்டும் மேலேறும். அதனை அகற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் தொட்டிகளை மழையில் நனைய விடுவது செடிக்கு நீராட்டு மட்டுமன்று. ஓராண்டு உப்பைக் கழுவும் பெருவழியும் அதுவே. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேல்மண்ணை நீக்கிப் புதுமண்ணும் மட்கிய இலை உரமும் இடுவது நலம். வெளியேறும் கறையைக் கண்டு மாடித் தளத்துக்கு அஞ்சுவோர், தொட்டிகளைச் செங்கல்மீது உயர்த்தி வைக்கலாம்.

எந்த நீர் ஆகும், எது ஆகாது

பயிருக்குப் பாய்ச்சும் நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருப்பின் தடையில்லை. 2000ஐத் தாண்டினால் கடும் தீங்கு விளையும். இடைப்பட்டதைக் கவனத்தோடு பயன்படுத்தலாம் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வகுத்த நெறி. இதனை டி.டி.எஸ். மீட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை வீணாக்க மனமின்றிப் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். மூன்று லிட்டர் நீர் உள்ளே சென்று ஒரு லிட்டர் நன்னீராக வந்தால், அந்த மூன்று லிட்டரின் உப்பும் ஏறத்தாழ முழுவதும் எஞ்சிய இரண்டு லிட்டரில் சேர்ந்துவிடுகிறது. அதாவது அதன் கடுமை ஒன்றரை மடங்கு. தொட்டிச் செடிக்கு அது ஆகாது. தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம்.

நீரை மென்மையாக்கும் சாதனம் பொருத்திய வீடுகளில் வேறொரு மயக்கம் உண்டு. அச்சாதனம் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது. சோப்பு நன்கு நுரைக்கும். ஆனால் சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து இறுகச் செய்யும். கால்சியம் உள்ள கடின நீரைவிடச் சோடியம் ஏறிய இந்த மென்னீர் செடிக்குக் கெடுதல். கடலோர ஊர்களில் உவர்ப்பு ஏறிய கிணற்று நீரின் தீங்கும் இத்தகையதே. அச்சாதனத்துக்கு முன்பாகவே ஒரு குழாய் பிரித்து, அந்த நீரைச் செடிக்கு வைத்துக்கொள்வது அறிவுடைமை.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் உப்பற்றது. அதனை வாளியில் பிடித்துப் பூச்செடிக்கு ஊற்றலாம். நகராட்சி நீரில் குளோரின் வாடை மிகுந்திருந்தால் இரவு முழுவதும் திறந்த வாளியில் வைத்து மறுநாள் ஊற்றினால் போதும். ஆனால் அவ்வாறு வைப்பதனால் கடினத்தன்மை குறையாது.

எல்லாவற்றினும் சிறந்தது மழைநீர். அதனை மட்டுமே ஊற்றவேண்டும் என்பதில்லை. 400 மில்லிகிராம் கடின நீரோடு சம அளவு மழைநீர் கலந்தால் 200 ஆகிவிடும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கலந்தால் ஏறத்தாழ 133. கடின நீரிலுள்ள கால்சியம் இக்கலவையில் செடிக்கு நன்மையாகவே அமைந்துவிடுகிறது.

மழையைச் சேர்க்கும் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். அங்கே 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 460 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 370 லிட்டர் கைக்கு வரும். பத்துத் தொட்டிகளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் நீர், அதில் பாதி மழைநீர் என்று கொண்டால், ஒரே ஒரு மழை எழுபது நாள்களுக்கு மேல் உதவும். 200 லிட்டர் டிரம் ஒன்றே நாற்பது நாள்களுக்குப் போதும்.

முதல் மழை தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்து வரும். அதனை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிக்கவேண்டும். டிரம்மை இறுக மூடி, குழாய் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டுவது கட்டாயம். திறந்த நீரில் ஒரு வாரத்துக்குள் டெங்கு பரப்பும் கொசு பெருகிவிடும். செடிக்காகச் செய்த பணி வீட்டாருக்குத் தீங்காக முடியலாகாது. டிரம்மில் அடிக்குழாய் வைத்துவிட்டால் முதியோர் குனிந்து மொண்டு சுமக்க நேராது. மழை ஈரத்தில் மாடிப்படி ஏறுவதையும் தவிர்க்கவேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அமைத்த குழாயும் குழியும் மண்மூடிக் கிடக்கின்றன. அவற்றைத் தூர்வாரினால் டிரம் நிரம்பியபின் வழியும் மழை நிலத்துக்குள் சென்று, காலப்போக்கில் கிணற்று நீரின் கடுமையையும் தணிக்கும்.

நீருக்கேற்ற செடி

மழைநீர் சேர்க்க வசதியில்லாத அடுக்ககத்தில் வாழ்வோர், நீரை மாற்ற இயலாவிடில் செடியைத் தேர்ந்துகொள்ளலாம். அரளி உப்பையும் காரத்தையும் பொறுக்கும். விநாயகருக்கு உகந்த எருக்கு, வேறு செடிகள் வளராத வறண்ட நிலத்திலும் பூக்கும். இவ்விரண்டின் பாலும் நச்சுத்தன்மை உடையது. அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சே. பேரக்குழந்தைகள் வாயில் வைக்காமலும், சாத்திக் களைந்த அரளி மாலையைப் பசுவுக்குக் கொடுக்காமலும் கவனம் வேண்டும். கிடைக்கும் சிறிதளவு மென்னீரை வெட்சிக்கும் மல்லிகைக்கும் ஒதுக்கிவிட்டு, குழாய்நீரை அரளிக்கு ஊற்றுவது நல்ல பங்கீடு.

நிர்மால்யமும் மண்ணே

சுவாமிக்குச் சாத்திக் களைந்த மலர்களைக் காலில் மிதிபடாமல் சேர்க்கவேண்டும் என்பது மரபு. நூலையும் நாரையும் ஜரிகையையும் நீக்கி, அம்மலர்களை உலர்ந்த இலைகளோடு அடுக்கடுக்காக ஒரு மண்தொட்டியில் இட்டு, இலேசாக ஈரம் காட்டி மூடி வைத்தால், சில மாதங்களில் கறுத்துப் பொலபொலவென்ற மட்கு உரமாகிவிடும். இவ்வுரம் சத்து தருவதோடு, அதிலுள்ள இயற்கை அமிலங்களால் இரும்பைப் பிணைத்து வேருக்குக் கொண்டுசேர்க்கவும் துணைபுரியும். விலைகொடுத்து வாங்கும் உரத்தினும் கடின நீர் ஊற்றும் தொட்டிக்கு இது ஏற்றது.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் வலுக்கும். மல்லிகையைக் கவாத்து செய்யும் காலமும் அதுவே. அதற்கு முன்பாக மாடியைப் பெருக்கி, ஒரு டிரம்மைக் கழுவி வைத்து, தொட்டிகளின் அடித்துளைகளைத் திறந்துவிட்டால், இந்த ஆண்டின் மழை வீணாகாது. மார்கழி, தையில் செடி துளிர்த்து, பங்குனி உத்திரத்துக்கு வீட்டு மல்லிகை சாத்தும் பேறு அன்பர்களுக்குக் கிட்டும்.